நாற்பத்தொன்பது டிகிரி

"நாற்பத்தொன்பது. வேலை செய்யலாம்" என்றார் மேஸ்திரி காவ்ரில், குடிசை ஜன்னல் வழியே வெப்பமானியைப் பார்த்து.

பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பதைத் தொட்டால் வெளி வேலை கூடாது. எல்லோரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அது சட்டம்.

"வெளியே மூச்சு விட்டா அது உறைஞ்சு காதுல சலசலன்னு கேக்குது. ஐம்பதைத் தாண்டினாத்தான் அப்படிக் கேக்கும். அது எப்படி நாற்பத்தொன்பது ஆகும்?" என்றாள் ஜினாயிதா பெத்ரோவ்னா. தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரி. அவளுடைய ஜீப் வாசலில் எஞ்சினை அணைக்காமல் நின்றது.

"நீங்களே பாருங்கம்மா. நான் என்ன கையால எழுதியா வெச்சிருக்கேன்?"

"உங்க தொழிலாளி ஒருத்தரோட சம்சாரம் போன்ல அழுதாங்க. மேஸ்திரிக்கு ஈவிரக்கமே இல்ல, எம் புருஷன் ஒருநாள் கட்டையா விறைச்சுத்தான் வீடு வருவாருன்னு."

"யாரு அந்த மகராசி?"

"பேரை வாங்கி அவங்க வீட்டுக்காரரைப் பழிவாங்கவா?"

கதவு திறந்தது. லேனா நதியில் உறைந்து நின்ற கப்பலைப் பழுதுபார்க்க, அதற்கு அடியில் பனியை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். இருபது நிமிடம் வெட்டு, இருபது நிமிடம் அடுப்பு. அதுவும் சட்டம்தான். தேநீர் கொதித்தது. சீட்டுக்கட்டு வெளியே வந்தது.

"ரொம்பக் குளிருதா?" அதிகாரி கனிவாகக் கேட்டாள்.

"குளிரா?" அவர்களில் ஒருவனான அயால் மீசையிலிருந்த பனியை உடைத்துப் போட்டான். "வியர்த்துக் கொட்டுது. கொசு வந்துடுமோன்னு பயமா இருக்கு."

"மேஸ்திரி எப்படி?"

"தங்கம்."

"பயந்து பேசறீங்க. பாவம்."

அவள் வெளியே போனாள். குடிசைச் சுவரில், அடுப்பின் புகைக்குழாய்க்கு ஒரு சாண் தள்ளி ஆணியில் தொங்கியது வெப்பமானி. கழற்றிக் கொண்டுபோய்க் கப்பலின் ஏணியில் மாட்டினாள். காத்திருந்தாள்.

"ஐம்பத்தாறு! குழாய்ப் பக்கத்துல மாட்டி ஏழு டிகிரி திருடியிருக்கீங்க."

"சத்தியமா நான் மாட்டலம்மா."

"அப்ப கப்பல் இறங்கி வந்து மாட்டுச்சா?"

காவ்ரில் தன் ஆட்களைப் பார்த்தார். ஆட்கள் தங்கள் பூட்சைப் பார்த்தார்கள்.

"வேலையை நிறுத்துங்க. எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றாள் அதிகாரி. "மேஸ்திரி, நீங்க நாளைலேருந்து வர வேண்டாம்."

யாரும் கைதட்டவில்லை. குளிரில் கை விறைத்துவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டே அவள் ஜீப்பில் ஏறினாள்.

வீட்டுக்குப் போகும் வழியில், கூட வேலை செய்யும் புரோகோப் அயாலிடம் கேட்டான்: "ஆணி அடிச்சது நீதானே? சொல்லியிருக்கலாம்ல. அந்த மனுஷனுக்கு வேலையே போச்சு."

"சொன்னா, ஏன்டா அடிச்சேன்னு கேப்பாளே."

"ஆமா, ஏன்தான் அடிச்ச?"

"ஏன், நீயும்தானே பார்த்துக்கிட்டு இருந்த? உன் வீட்ல மட்டும் அடுப்பு, டீ, சீட்டுன்னு உக்கார விடறாங்களா?"

புரோகோப் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் திரும்பினான்.

அயால் வீட்டை அடைந்தபோது அவன் மனைவி துயாரா வாசலில் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டிருந்தாள். வண்டி நிறைய ஆற்றில் அறுத்தெடுத்த பனிப்பாளங்கள், குடிதண்ணீருக்கு. அவளுடைய இமைகள் வெள்ளையாக ஒட்டியிருந்தன. பின்னால் பாதி பிளந்த விறகு. தொழுவத்தில் பசு கத்தியது.

"வேலையை நிறுத்திட்டாங்க" என்றான். "மேஸ்திரியையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. யாரோ ஒருத்தி போன் பண்ணி அழுதாளாம்."

"அழுதாத்தானே நம்பறாங்க" என்றாள் துயாரா.

வண்டியின் கயிற்றை அவன் கையில் கொடுத்தாள்.

"ஆத்துல இன்னும் நாலு நடை இருக்கு. போ. நம்ம வீட்ல தெர்மாமீட்டர் கிடையாது."