பதினொன்றாம் கட்டில்

டெல்னா அழுதுகொண்டே வார்டை விட்டு வெளியே வந்தாள்.

"என்னடி ஆச்சு?" என்றேன்.

"அந்தக் கிழவன்தான்டி! எல்லாப் பரிசோதனையும் முடிச்சுட்டுக் கிளம்பறேன், 'நாடியை இன்னொரு தடவை பாரு மோளே'ன்னு கையை நீட்டறான். விடவே மாட்டேங்கறான். அதுலயே நேரம் போச்சு. இந்தத் தடவையும் ஃபெயிலானா ஜூனியர் பிள்ளைங்ககூடத்தான் உட்காரணும் நான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினொன்றாம் கட்டில் வறீது சேட்டனுக்கு மூச்சிரைப்பு. வருஷத்தில் பாதி நாள் எங்கள் திருச்சூர் ஆஸ்பத்திரியில்தான் குடித்தனம். நர்சிங் மாணவிகளுக்கு உடல் பரிசோதனைத் தேர்வு என்றால் டீச்சர்கள் அவரைத்தான் படுக்க வைப்பார்கள். இருபது வருஷப் பழக்கம்.

"காலையிலேர்ந்து இவளோட சேர்த்து நாலு பேர்கிட்ட இதே வேலை," என்றாள் லின்ஸா. "தலை நரைச்சும் புத்தி வரலை பாரு."

வகுப்புத் தலைவி நான். வாயும் கொஞ்சம் நீளம். அங்கேயே பிரின்சிபாலுக்கு ஒரு புகார் எழுதி நாலு பேரிடமும் கையெழுத்து வாங்கினேன்.

"என்கிட்ட நீட்டட்டும், அந்தக் கையை ஒடிச்சு அவர்கிட்டயே குடுக்கறேன்!"

அடுத்த பெயர் என்னுடையதுதான்.

கட்டில் பக்கத்தில் ரோஸ்லி டீச்சர் மதிப்பெண் தாளோடு நின்றார். தேர்வென்றால் அவர் வாயே திறக்க மாட்டார்.

"வா மோளே, கஞ்சி குடிச்சியா?" என்றார் வறீது சேட்டன்.

"பேசாம படுங்க."

நாடி எண்பத்தாறு. எண்ணி முடித்ததும் அந்தக் கையைச் சுடுசட்டி மாதிரி விட்டேன். ரத்த அழுத்தம், நெஞ்சு, வயிறு, கால் வீக்கம் எல்லாம் மளமளவென்று பார்த்து எழுதினேன்.

"முடிஞ்சுது டீச்..."

"நாடியை இன்னொரு தடவை பாரு மோளே." கை நீண்டது.

"அதெல்லாம் பார்த்தாச்சு!"

"சரியா எண்ணினியோ என்னவோ. பிடி, பிடி."

டீச்சர் எதிரில் நோயாளியிடம் சீறினால் மதிப்பெண் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன்.

அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, இன்னொரு கையால் போர்வையை இடுப்பு வரை இறக்கிவிட்டார். நெஞ்சு ஏறியது. இறங்கியது.

ஐயோ மாதாவே! மூச்சு!

மூச்சை நான் எண்ணவே இல்லையே! முதல் வருஷத்திலிருந்து டீச்சர் படித்துப் படித்துச் சொன்னாரே: 'நாடி பார்த்ததும் கையை விடாதீங்க. இன்னும் நாடிதான் பார்க்கறீங்கன்னு நோயாளி நினைச்சுக்கணும். அந்த நேரத்துல மூச்சை எண்ணிடுங்க. எண்ணறது தெரிஞ்சா மூச்சு மாறிடும்.' இதை விட்டால் தேர்வே அம்போ.

ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினேன். இருபத்திரண்டு. தாளில் எழுதிக் கொடுத்தேன்.

டீச்சர் தாளைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

வெளியே டெல்னா ஓடி வந்தாள். "உன்கிட்டயும் நீட்டினானா?"

"அதை விடுடி. நீ மூச்சை எப்போ எண்ணினே?"

"அவன் கையை நீட்டினப்போதான். சும்மா எதுக்கு நிக்கணும்னு..."

சொல்லும்போதே வாயைப் பொத்திக்கொண்டாள். மற்ற மூன்று பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். நான் புகாரைச் சுக்குநூறாகக் கிழித்தேன்.

மாலையில் ஒட்டிய பட்டியலில் டெல்னா பாஸ். நாங்கள் எல்லோருமே பாஸ். அப்பாடா!

பழம்பொரிப் பொட்டலத்தோடு பதினொன்றாம் கட்டிலுக்குப் போனோம்.

"மன்னிச்சுடுங்க சேட்டா," என்றேன். "நீங்க கையை நீட்டலைன்னா நாங்க யாரும் உங்க மூச்சை எண்ணியிருக்கவே மாட்டோம்."

வறீது சேட்டன் ஒரு பழம்பொரியை எடுத்துக் கடித்தார்.

"என்னது, என் மூச்சையா எண்ணினீங்க? நாடி பார்க்கறீங்கன்னுல்ல இருபது வருஷமா நினைச்சுட்டிருக்கேன்!"