மீனுவுக்குக் குளிருமாம்!

தளேகாவிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து வந்த வைஷு, அப்பாவின் அறையை எட்டிப் பார்த்ததும் கத்தியே விட்டாள்.

"டேய் ஷ்ரேயஸ்! என்னடா கண்றாவி இது?"

அப்பாவின் கட்டிலை ஒட்டி ஸ்டூல் போட்டு ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குப் பக்கத்தில் செக்கச்செவேலென்று ஒரு ஹீட்டர்.

"என்னோட டராண்டுலாதான், அக்கா. மீனு," என்றான் தம்பி, சாவதானமாக.

"அந்தக் கையகலச் சிலந்தியா? அது உன் ரூம்லதானே இருந்தது?"

"என் ரூம் சுவரெல்லாம் ஓதம். மழைக்காலத்துல கண்ணாடி மேல ஏறி ஏறி இறங்கிண்டிருந்தது. தண்டி வந்து குளிர ஆரம்பிச்சதும் பொந்துக்குள்ள போய் வாசலை மண்ணால அடைச்சுண்டுடுத்து. சாப்பாட்டைத் தொடறதே இல்லை. அதான் ஹீட்டர்."

வைஷுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன குளிர்காலத்தில் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர் அப்பா விஸ்வேஸ்வரன். அப்போது அவள் ஆசையாக வாங்கிக் கொடுத்த ஹீட்டரை, "தாபோடி பனியில சைக்கிள் மிதிச்சு வொர்க்‌ஷாப்புக்குப் போனவன் நான், எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று வாட்ச்மேனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். கூடவே இருக்கிற பிள்ளையாவது அடம் பிடித்து இன்னொன்று வாங்கி வைத்திருக்க வேண்டாமோ? வாங்கியிருக்கிறான், பூச்சிக்கு!

"வெட்கமா இல்லையாடா உனக்கு? பெத்த அப்பாவுக்கு இல்லாத உபசாரம் எட்டுக்கால் பூச்சிக்கா? ராத்திரி வெளியே வந்து அவரைக் கடிச்சு வெச்சா?"

"கத்தாதே, அக்கா. அப்பா வாக்கிங் முடிஞ்சு வர நேரம்."

"வரட்டும், நன்னாக் கேக்கட்டும்! அம்மா இருந்தா இந்தக் கூத்து நடக்குமா? இப்பவே இதை மொட்டை மாடியில கொண்டு வைக்கறேன் பாரு!"

சொன்னவள் பெட்டியைத் தூக்கியே விட்டாள். அவன் பிடித்து இழுக்க, இவள் விடாமல் இழுக்க, மூடி கழன்று விழுந்தது. உள்ளே மண் சரிந்து, கொஞ்சம் தரையிலும் சிதறி, பொந்து வாயைப் பிளந்தது.

பொந்துக்குள் ஒன்றுமே இல்லை.

"ஐயோ, ஓடிடுத்துடா!" பெட்டியை அவன் கையில் விட்டுவிட்டுக் கட்டில்மேல் ஏறி நின்றாள் வைஷு.

ஷ்ரேயஸ் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஓடலை, இறங்கு. தீபாவளியிலேர்ந்தே மீனு போசரியில என் ஃப்ரெண்ட் கிரேக் வீட்டுல இருக்கு. இந்தத் தண்டி அதை ஒண்ணும் பண்ணாது, பேசாம பதுங்கிக் கிடக்கும். அப்பாவுக்குன்னு ஹீட்டர் வெச்சா இருக்க விடுவாரா, சொல்லு? பூச்சிக்குன்னு சொன்னதால சும்மா இருக்கார்."

வைஷு மெல்லக் கட்டிலை விட்டு இறங்கினாள். இத்தனை நேரம் திட்டியதற்கெல்லாம் எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பது என்று புரியவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். அவசரமாக மண்ணைச் சரிசெய்து, மூடியைப் போட்டு, பெட்டியை ஸ்டூலில் வைத்துவிட்டு, "டீ போடறேன்," என்று சமையலறைக்கு ஓடினான் ஷ்ரேயஸ்.

மஃப்ளரைக் கழற்றிக்கொண்டே விஸ்வேஸ்வரன் உள்ளே வந்தார். தரையில் சிதறிக் கிடந்த மண்ணைப் பார்த்தார். மகளின் முகத்தைப் பார்த்தார்.

"ஹீட்டர் எனக்கில்லைடி, மீனுவுக்கு! பாவம், அதுக்குத் தண்டி ஆகாதாம்," என்றார், சமையலறைக்குக் கேட்கும்படி உரக்க.

பிறகு கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கம் குனிந்தார்.

"பார்த்துட்டியா? பெட்டி காலின்னு எனக்கு எப்பவோ தெரியும். அவன்கிட்ட சொல்லிடாதே."

"தெரிஞ்சுமா ஹீட்டரை விட்டு வெச்சிருக்கே? நீயா அப்பா?"

"போன வருஷம் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாளா, ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து வந்து, என் மூக்குகிட்ட விரலை வெச்சு மூச்சு வரதான்னு பார்ப்பான். நானும் தூங்கற மாதிரியே கிடப்பேன். இந்த ஹீட்டர் வந்தப்புறம்தான்டி குழந்தை விடியற வரைக்கும் தூங்கறான்."