அலி தோத்ததே இல்ல

டேய், உங்களத்தான்டா. கையில ஒரு டீ வந்துட்டா போதும், உலகத்துலயே பெரிய பாக்ஸர் யாருன்னு தீர்ப்பு சொல்லக் கிளம்பிடுவீங்க. ஒருத்தன் மூஞ்சியிலயும் ஒரு தழும்பு கிடையாது. கொசுகிட்ட வாங்கினதத் தவிர வேற அடி வாங்கினதில்ல. பரவால்ல, நானும் அப்படித்தான். கேளுங்க.

ரெண்டாயிரத்து ஆறு. ஷார்ஜா தொழில்பேட்டையில எங்க கேம்ப். ரூமுக்கு எட்டு பேர், நாலு இரும்புக் கட்டில். மேல ஒருத்தன், கீழ ஒருத்தன். கீழ்க்கட்டில் சீனியருக்குத்தான். யாராவது விசா கேன்சலாகி ஊருக்குப் போனாத்தான் அடுத்தவன் கீழ இறங்கலாம்.

பாலிடெக்னிக்க பாதியில விட்ட எனக்கு மட்டும் வந்த அன்னைக்கே கீழ்க்கட்டில். கட்டில் பிரிச்சுக் குடுக்கிற கேம்ப் பாஸ் எங்க சித்தப்பாவோட கூட்டாளி. மெரிட்டுக்கும் எனக்கும் எப்பவுமே ஆகாது.

எதிர்க் கட்டில்ல கீழ ஈசா பாய். கீழக்கரைக்காரர், சைட்ல ஸ்டோர் கீப்பர், பதினோரு வருஷ சர்வீஸ். கட்டிலச் சுத்தி பூப்போட்ட ஸ்க்ரீன். தலைமாட்டுல முகமது அலி போட்டோ.

அவருக்கு மேல முனியசாமி அண்ணே. முதுகுளத்தூர் பக்கம். வந்து ஏழு மாசம். பத்து நாளைக்கு முன்னாடி சைட்ல சாரத்துப் பைப் ஒண்ணு மேல இருந்து விழுந்து அவர் முழங்கால்ல பட்டுச்சு. யாரு கையில இருந்து விழுந்துச்சுன்னு தெரியல.

அண்ணே வெளிய சொல்லல. சொன்னா அன்ஃபிட்னு எழுதி பிளேன் ஏத்திடுவாங்க. ஊர்ல வீடு கூரையில்லாம பாதியில நிக்குது. பகல்ல உக்காந்து கம்பி கட்டி ஓட்டிட்டார். கட்டில் ஏணியில ஏறும்போதுதான் மாட்டிக்குவார். ஒரு கால ரெண்டு கையால தூக்கி வைக்கணும்.

வியாழக்கிழமை கேம்ப் பாஸ் தலை எண்ண வந்தவர் அதப் பார்த்துட்டார்.

"கால்ல என்னய்யா?"

"சுளுக்கு சார்."

"நாளைக்கு வருவேன். ஏணியில ஏறிக் காட்டு. இல்லன்னா டாக்டர்கிட்ட போயிடலாம்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிஞ்சு பிரியாணி. பேச்சு எப்படியோ பாக்ஸிங்ல போய் நின்னுச்சு.

"டைசன்தான்," நான் சொன்னேன். "ஒன்றரை நிமிஷத்துல ஆளச் சாய்ப்பான்."

"காதக் கடிக்கவும் செய்வான்," ஈசா பாய் சொன்னார். "அலிதான் பெரிய ஆளு. ஏன்னா அலி தோத்ததே இல்ல."

முனியசாமி அண்ணே தட்டுல இருந்து தலையத் தூக்கினார். "தோக்காத மனுசன் எங்க பாய் இருக்கான்?"

"அலி இருக்காரு."

"ஒரு தடவையாச்சும் தோத்துருப்பாரு."

"பெட்டு. தோத்துருந்தா என் கட்டில நீ எடுத்துக்க. இல்லன்னா ஒரு மாசம் என் துணியத் துவைக்கணும்."

அண்ணே கொஞ்சம் யோசிச்சார். "துவைக்கிறது உக்காந்துதான?"

"உக்காந்துதான்."

"அப்ப சரி."

நான்தான் ஜட்ஜ். நெட் கஃபே போய் பிரிண்ட் எடுத்துட்டு வந்து ரூம் நடுவுல நின்னு வாசிச்சேன். "மொத்தம் அறுபத்தோரு சண்டை. ஜெயிச்சது அம்பத்தாறு. தோத்தது அஞ்சு."

"அஞ்சா?" ஈசா பாய் கேட்டார்.

"அஞ்சு பாய்."

"நல்லாப் பாரு."

"இங்கிலீஷ்லயும் அஞ்சுதான் பாய்."

பாய் எந்திரிச்சார். போட்டோவ எடுத்தார், ஸ்க்ரீன அவுத்தார், தலகாணிய இடுக்கிட்டு மேல ஏறினார். அம்பத்திரெண்டு வயசு. ஏணிதான் கத்துச்சு.

சாயங்காலம் கேம்ப் பாஸ் வந்தார். "இவன் எப்படிய்யா கீழ வந்தான்?"

"பெட்டுல ஜெயிச்சுட்டார் சார்," மொத்த ரூமும் சொல்லுச்சு. நான் பிரிண்ட நீட்டினேன். கேம்ப் பாஸ் வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சார். "பாய், அலி பேரச் சொல்லி உன்ன மேல ஏத்திட்டாங்களே." சிரிப்புல ஏணி மேட்டர மறந்தே போயிட்டார்.

நான் விடுவேனா. ஒரு மாசம் ஓட்டினேன். "பாய், அலியே வந்து தோத்துட்டேன்னு சொன்னாலும் நம்பாதீங்க, அவருக்கு மறதி." கேம்ப்ல எல்லா ரூமுக்கும் போய் நடிச்சே காட்டினேன். பாயும் சேர்ந்து சிரிப்பார். அதுக்குள்ள அண்ணனுக்கு கால் நேராயிடுச்சு.

ஒரு நாள் பாய் மேல இருந்து கூப்பிட்டார். "தம்பி, என் லாக்கர்ல தைலம் இருக்கு, எடு. இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

திறந்தேன். கதவுக்கு உள்பக்கம் ஒரு மஞ்சக் காகிதம். ஓரமெல்லாம் கிழிஞ்ச பழைய காகிதம். பாய் கையெழுத்து. அறுபத்தோரு வரி. தேதி, எதிராளி, எத்தனாவது ரவுண்டு. அதுல அஞ்சு வரியச் சுத்தி மட்டும் செவப்பு மையில வட்டம்.

"பாய், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"சும்மா குடுத்தா அவன் வாங்குவானா? வாங்கினாலும் கேம்ப் பாஸ் ஏன் எதுக்குன்னு நோண்டுவான். பெட்டுல போன கட்டில எவனும் நோண்ட மாட்டான்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. ஒரு மாசமா ஓட்டியிருக்கேன்."

"உன்கிட்ட சொன்னா மஸ்கட் வரைக்கும் போயிடும்." மேல இருந்து கைய நீட்டினார். "அந்தப் பைப்பு யாரு கையில இருந்து விழுந்துச்சுன்னு நான் வெளிய சொன்னேனா? நீயும் இத வெளிய சொல்லாத. தைலத்தக் குடு."

குடுத்தேன். வந்து என் கட்டில்ல உக்காந்தேன். மெரிட்ல வாங்காத அதே கீழ்க்கட்டில்.

பைப்ப நழுவ விட்டவன் நான்தான்டா.