சகலை பார்த்த வண்டி

"இதை எடுத்தீங்கன்னா நடுரோட்டுலதான் நிப்பீங்க சகலை" என்று பிக்கப்புக்கு அடியிலிருந்து மெக்கானிக்கின் குரல் வந்தது. "சேஸ் முழுக்கத் துரு. கை வச்சா உதிருது."

உதிரவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இருபது வருஷத்து வண்டியின் அடிப்பாகம் நேற்றுதான் கம்பெனியிலிருந்து வந்தது போல டார்ச் வெளிச்சத்தில் மின்னியது. மெக்கானிக்குக்கு வயிறு எரிந்தது.

வண்டி பேக்கரிக்காரருடையது. வாங்கிய நாள் முதல் ரொட்டியைத் தவிர வேறு எதையும் அதில் ஏற்றியதில்லை. கடைக்குப் பின்னால் ஷெட்டில் போர்த்தி வைத்திருந்தார். மகன் புது வேன் எடுத்துவிட்டதால் இதைக் கொடுத்துவிடப் போகிறாராம். பழுதான வண்டிகளைக் கட்டி இழுத்து வர இப்படி ஒன்று கிடைத்தால் பட்டறையே நிமிர்ந்துவிடும் என்று மெக்கானிக் எத்தனையோ காலமாகத் தேடிக்கொண்டிருந்தார். அது போயும் போயும் மெத்தைக்கடை வைத்திருக்கும் சகலையின் கண்ணில் படுவானேன்?

சகலை என்றால் மனைவியின் தங்கையைக் கட்டியவர். தொட்டதெல்லாம் துலங்குகிற கை. அவர் வீட்டுக்கு மாடி எழும்பியபோது இவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவர் வாங்கிய ஃபிரிட்ஜைப் பார்த்து, ஆறு மாசம் தாங்காது என்றார். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

"வண்டி பாக்க வேற யாரையும் தேடாதீங்க தம்பி, இவரையே கூட்டிட்டுப் போங்க" என்று மெக்கானிக்கின் மனைவிதான் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து தன் தொழிலை அவள் மதித்துப் பேசி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

கடையில் கூட்டம் என்று பேக்கரிக்காரர் உள்ளே போயிருந்தார். மெக்கானிக் எழுந்து, பானட்டைத் திறந்து ஆயில் கம்பியை உருவினார். எண்ணெய் கொஞ்சமும் கறுக்காமல் தேன் நிறத்தில் இருந்தது. சட்டென்று கம்பியைத் துடைத்து உள்ளே செருகிவிட்டுச் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் வண்டி உயிர் பெற்றது.

"சத்தம் நல்லாத்தானே இருக்குண்ணே?"

"அதுதான் ஆபத்து. சத்தமே போடாத இன்ஜின் சொல்லாம கொள்ளாம நின்னுடும்."

"கியர் பாக்ஸ்?"

"அதைப் பத்திப் பேசவே வேண்டாம்."

"பெயிண்ட்டாவது..."

"உள்ள இருக்குற ஓட்டையை மறைக்கப் பூசினது சகலை அது."

மெத்தைக்கடைக்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஆசைப்பட்ட வண்டி கை நழுவுகிறதே என்று முகம் கொஞ்சம்கூட வாடவில்லை. "நீங்க மட்டும் வரலைன்னா குழம்பிப் போயிருப்பேண்ணே" என்று எதிர்க்கடையில் டீயும் வாங்கிக் கொடுத்தார். ஏமாந்த சோணகிரி என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே மெக்கானிக் அதைக் குடித்தார்.

மறுநாள் அவர் பட்டறையைத் திறக்கவில்லை. சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு நேராகப் பேக்கரிக்கு நடந்தார். வண்டிக் கதவில் பட்டறைப் பெயரை எந்த நிறத்தில் எழுதுவது என்பதை வழியிலேயே முடிவு செய்தாகிவிட்டது. சகலை கேட்டால், வேறு யாரும் வாங்கவில்லை, பாவமென்று நான் தலையில் கட்டிக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஷெட் காலியாகக் கிடந்தது.

"வண்டியா? நேத்து சாயங்காலமே உங்க சகலை எடுத்துட்டுப் போயிட்டாரே" என்றார் பேக்கரிக்காரர். "பேரம்கூடப் பேசலை."

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது எப்படிங்க? வேண்டவே வேண்டாம்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேனே" என்று தன்னை மறந்து உளறிவிட்டார்.

பேக்கரிக்காரர் ரொட்டியைத் துண்டு போடுவதை நிறுத்தாமலே சொன்னார்.

"'அவர் நல்ல வண்டின்னு சொன்னா மட்டும் வாங்கிடாதீங்க தம்பி'ன்னு உங்க வீட்டம்மா சொல்லி அனுப்பினாங்களாமே."