முதுகு மட்டும்

“பாட்டுல ஒரு இடத்துல கண்ணாடி உடையணும்ப்பா. ஆளுயரக் கண்ணாடி.”

கண்ணாடி அறுக்கிறவர் பாதிக் கோட்டில் கையை எடுக்கமாட்டார். அப்பா எடுத்தார்.

கண்ணாடிக் கடைக்காரரிடம் வந்து கேட்கிற வரமா இது? மகள் அசரவில்லை. அவளும் தோழி முக்காலியும் கல்லூரிக்காக ஒரு பாட்டுக்குப் படம் எடுக்க வேண்டும். கேமராவின் மூன்று காலையும் சுமந்து சுமந்தே தோழிக்கு அந்தப் பெயர் வந்தது. திட்டத்தையும் ஒரு மாதிரிக் காட்சியையும் நாளைக்கு வகுப்பில் காட்டியாக வேண்டும். இல்லையென்றால் இருவரையும் எதிர் அணியில் சேர்த்துவிடுவதாக ஆசிரியை சொல்லிவிட்டார்.

அங்கே காலியாக இருந்த ஒரே வேலை, கதாநாயகனுக்குக் குடை பிடிப்பது. அந்தக் கதாநாயகன் அவளிடம் இரவல் வாங்கிய பேனாவை இன்னும் திருப்பித் தராதவன்.

ஆகவே அப்பாவுக்குப் பாடம் நடத்தினாள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வகை உண்டு. ஆட்டப் பாட்டு என்றால் கூட்டம், புகை, நொறுங்குகிற சாமான் என்று அந்த வகைக்கான அடையாளங்கள் இருக்கணும். கூடவே பார்க்கிறவன் எதிர்பாராத ஒன்றும் இருக்கணும். கதைக்கும் ஒரு கணக்கு உண்டு. முதலில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், நடுவில் ஏதோ ஒன்று உடையும், கடைசியில் வேறொரு ஒழுங்கு வரும்.

“உடையறதுக்கு முன்னாடியே காசை வாங்கிடணும். அதுதான் நம்ம கடை ஒழுங்கு,” என்றார் அப்பா.

பேரம் தொடங்கியது.

ஆளுயரக் கண்ணாடி இறங்கி இறங்கிக் கைக்கண்ணாடியாயிற்று. உடைகிற சத்தத்தையாவது வாயால் கொடுக்கிறேன் என்று முக்காலி முன்வந்தாள். கடைக்குள் அந்தச் சத்தமே ஆகாது என்றார் அப்பா.

ஆடுவதற்கு இருபது பேர் என்றாள் மகள். இருபது பேருக்கு நாற்பது முழங்கை என்று கணக்குப் போட்டார் அவர். இருபது பத்தாயிற்று, பத்து நாலாயிற்று, கடைசியில் ஒருத்தரும் வேண்டாம் என்றாயிற்று. புகைக்கும் அதே கதி. கண்ணாடியில் படிந்தால் உங்கள் ஆசிரியையா வந்து துடைப்பார்?

கதையில் நாயகன், வில்லன், உதவி செய்கிறவன் என்று ஆட்கள் உண்டு என்றாள். கடை முதலாளி இதில் யாராம் என்று கேட்டார். வில்லன்தான் காலியாக இருக்கிறது என்றாள். இடத்தையும் ஓசியில் கொடுத்துவிட்டு வில்லனாகவும் நிற்பதற்கு நான் உன் அப்பனா, மாமனாரா என்றார்.

அதையும் விட்டுக்கொடுத்தாள்.

முக்காலிக்கு முகம் செத்துப்போயிற்று. குடை கைக்கே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். பாவம், அவள் வியாபாரம் நடக்கிற வீட்டில் பிறந்தவள் இல்லை.

மகள் இந்த மேசைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். சாமானுக்கு வாய் வலிக்கப் பேரம் பேசுகிறவனை நம்பலாம், கொசுறு கேட்கும்போதுதான் உஷாராக இருக்கணும், அவன் அதற்காகவே வந்திருப்பான் என்பது அப்பா சொன்ன பாடம்தான்.

“சரிப்பா, எதுவும் வேண்டாம். கொசுறா ஒண்ணே ஒண்ணு. ஷட்டரை இறக்கிட்டு தினமும் கண்ணாடியெல்லாம் துடைப்பீங்கல்ல? அதை மட்டும் எடுத்துக்கறோம். கேமரா மூலையில நிக்கும். நாங்க மாடிப்படியில உட்கார்ந்துக்கறோம்.”

அப்பா தாடையைத் தடவினார். எல்லாவற்றிலும் ஜெயித்தவர் கொசுறுக்கு மறுத்தால் நன்றாக இருக்காது.

“முகம் வரக்கூடாது. முதுகு மட்டும்.”

“முதுகு மட்டும்,” என்றாள் மகள், பால் வடிகிற முகத்தோடு.

சுற்றிலும் கண்ணாடி. சுவரில், கதவில், கூரை வரைக்கும். இந்தக் கடையில் ஒரு முதுகைப் பிடித்தால் ஒரு டஜன் முகம் இலவசமாக வரும். கண்ணாடி விற்கிறவருக்கே அது உறைக்கவில்லையே என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவள் கைவசம் இன்னொன்றும் இருந்தது. ஷட்டர் இறங்கிய பிறகு அப்பா துடைப்பதில்லை. ஆடுவார். ஊருக்கெல்லாம் கழுத்தை விறைத்துக்கொண்டு திரிகிற மனிதர், ஈரத்துணியைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு, கண்ணாடிக்கு ஓர் இடுப்பு வெட்டு வெட்டுவார். மாடிப்படியிலிருந்து அவள் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள்.

ஆட்டப் பாட்டு, ஆடுவது ஒரே ஆள், அதுவும் அப்பா. யாரும் எதிர்பாராதது அதுதான். உடைய வேண்டியது கண்ணாடியே இல்லை, அந்த விறைப்பு.

கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று அப்பா உள்ளே போனார். மகள் மூலையில் கேமராவை ஓடவிட்டு, போனில் பாட்டை மெல்ல ஓடவிட்டு, முக்காலியை இழுத்துக்கொண்டு படியேறினாள்.

ஷட்டர் இறங்கியது. முதல் கண்ணாடியை நிஜமாகவே துடைத்தார். இரண்டாவதில் தோள் அசைந்தது. மூன்றாவதில் கால். பிறகு துணி தலைக்குமேல் போயிற்று.

கடை முழுக்க அப்பா. கண்ணாடிக்குக் கண்ணாடி அப்பா. முக்காலி வாயைப் பொத்திக்கொண்டு மகளின் தோளில் சரிந்தாள்.

ஒன்றுதான் இடித்தது. அப்பா எப்படிச் சுழன்றாலும், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கேமராவுக்கு நேராக முதுகைக் காட்டி நின்றார். படிக்கத் தெரிந்தவன் நிதானமாகப் படிக்கிற அளவுக்கு, அசையாமல்.

கை கழுவப் போனவர் மாட்டிக்கொண்டு வந்திருந்தது, சாமான் இறக்குகிற ஆட்களுக்காகத் தைத்த சட்டை. இதுவரை அவர் அதை ஒருநாளும் போட்டதில்லை.

முதுகு நிறையக் கடையின் பெயர். அதன்கீழ் போன் நம்பர். அதற்கும் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில்:

‘விற்ற பிறகு உடைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல.’