மூடிய இலை

புவி வெப்பத்துக்கே விடை காணப்போகும் மாபெரும் திட்டத்தின் மொத்தப் படையும், அதாவது ஓர் ஆய்வாளர், காட்டுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இலையைக் கவ்வி அதன் மூச்சை அளக்கும் கருவியில் எண் பூஜ்ஜியத்திலேயே நிற்கிறது. உச்சிவெயிலில் ஈரம் போய்விடுமென்று இலை தன் துளைகளை மூடிக்கொண்டு, உணவு சமைப்பதை நிறுத்திவிட்டது. அது திறந்து ஓர் அளவு கிடைத்தால்தான் அவர் வீட்டுக்குப் போகமுடியும். போனில் மனைவி. "பாப்பா பொறந்தநாளுக்காவது வருவீங்களா?" "இலை வாயைத் தொறக்கணும்மா." "மரத்துக்கு மூச்சு முட்டுதான்னு பாருங்க. எனக்கு முட்டறது உங்களுக்கு எங்க தெரியப்போவுது?" போன் அடங்குகிறது. தரையில் வெயில் வட்டங்கள் அசையாமல் கிடக்கின்றன. அவர் பெருமூச்சு விடுகிறார். அந்தக் காற்று பட்டுக் கருவியின் எண் துள்ளி எழுகிறது. அவர் குறிப்பேட்டில் எழுதுகிறார்: 'அளவு செல்லாது. காரணம்: அருகில் மனித நடமாட்டம்.'