கூட வந்தவர்

ஸ்கேன் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் மீன்கார அக்கா சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"கேளு, குட்டி டாக்டர். என்ன வேணும்னாலும் கேளு. கூடையை வீட்டுக்காரர் தலையில கட்டிட்டுத்தான் வந்திருக்கேன்."

இன்னும் டாக்டராகவில்லை என்று சொல்லிச் சொல்லி மாணவிக்கு அலுத்துவிட்டது. வார்டே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவள், ஆராய்ச்சிக்காகக் கடல் தாண்டி இந்த ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். மார்பில் கட்டியோடு வரும் பெண்கள் இங்கே ஏன் நோய் முற்றிய பிறகே வருகிறார்கள் என்பதுதான் அவளுடைய கேள்வி.

காரணங்களுக்குப் பஞ்சமில்லை. பஸ் அரிது. சுற்றுவட்டாரத்துக்கே ஒரு ஸ்கேன் மிஷின், அதுவும் கரண்ட் இருந்தால்தான். சதைத் துணுக்கைச் சோதிக்க அடுத்த ஊருக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். ஜன்னல் கம்பியில், கழுவிய கையுறைகள் மறுபடி போடுவதற்காகக் காய்ந்துகொண்டிருந்தன.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்வாள். ஆனால் கொஞ்ச நாளாக, எழுதுவதைப் பாதியில் விட்டுவிட்டு, பதில் சொல்லும் பெண்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீன்கார அக்காவுக்கு இடப்பக்கம் போன வருடமே எடுத்தாகிவிட்டது. இன்று வந்தது மறுபரிசோதனைக்கு. கவலையில்லை என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டதில், கூடை காலியான நாளின் களை முகத்தில்.

"கட்டி தெரிஞ்சதும் ஏன்க்கா உடனே வரலை? ரொம்ப தூரமோ?"

"தூரமா? இந்தா, கூப்பிடு தூரம்." அக்கா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "செவுளைத் தூக்கிப் பார்க்காம எவளும் எங்கிட்ட மீன் வாங்க மாட்டா. நானும் அப்படிப் பார்த்துத்தான் எடுப்பேன். இதை மட்டும் ஒரு தடவை தொட்டுட்டு, சட்டையை இழுத்து மூடிக்கிட்டேன். அப்புறம் குளிக்கிறப்பகூட அந்தப் பக்கம் கை போகாது. யார்கிட்டயும் சொல்லாத வரைக்கும் அது இல்லைன்னே வெச்சுக்கலாம், பாரு."

பேனா நின்றது.

குட்டி டாக்டர் குனிந்து அடுத்த கேள்வியைத் தேடினாள். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

அக்கா காலைக் கீழே தொங்கவிட்டாள். பக்கத்தில் நகர்ந்து வந்து, வேறு யார் காதிலும் விழாத குரலில் கேட்டாள்.

"எந்தப் பக்கம்?"

காகிதங்கள் மடியிலிருந்து சரிந்தன. இருவரும் எடுக்கவில்லை.

"வலது," என்றாள் அவள்.

அம்மாவிடம் தினமும் போனில் பேசுகிறவள்தான். வெயில், கொசு, சாப்பாடு, ஒன்று விடாமல் சொல்கிறவள்தான். இந்த ஒரு சொல் மட்டும் இன்றுதான் வாயை விட்டு வெளியே வந்தது.

அக்கா திட்டவில்லை. 'டாக்டருக்குப் படிக்கிற பொண்ணே இப்படியா' என்று ஆரம்பிக்கவும் இல்லை. தோளில் கிடந்த துண்டால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். லேசாக மீன் வாடை அடித்தது. பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வழுக்குகிற மீனைப் பிடித்துப் பழகிய கை அது.

ஸ்கேன் அறை வாசலில் நர்ஸ் நின்றிருந்தாள். குட்டி டாக்டரோடு ஒரே மேசையில் டீ குடிப்பவள்.

"உங்களுக்குத்தான் எல்லாம் முடிஞ்சுதே?" என்றாள் மீன்கார அக்காவிடம்.

அக்கா, பிடித்திருந்தவளை மெல்ல முன்னால் விட்டாள்.

நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். ஒரு மூச்சு விடும் நேரம்தான். பிறகு, வருகிறவர்கள் எல்லோரிடமும் கேட்பதை அதே குரலில் கேட்டாள்.

"கூட வந்தது யாரு? சொந்தக்காரங்க ஒருத்தரைத்தான் உள்ள விடுவோம்."

கடல் தாண்டி வந்தவளுக்கு இங்கே யார் சொந்தம்? யாருமில்லை என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அக்கா. கூடப் பிறந்தவ."

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாசல் திரையை அகலமாக விலக்கிப் பிடித்தாள்.

"அதானே பார்த்தேன்," என்றாள். "முகஜாடை அப்படியே இருக்கு. வாங்க, ரெண்டு பேரும் உள்ள வாங்க."